கண்ணும் ஒளித்திரையும்

பகற்பொழுதில் விண்மீன்கள் எங்குச் செல்கின்றன? எங்கும் செல்வதில்லை. இரவில் சொரியும் ஒளியையே அவை பகலிலும் சொரிகின்றன. இருண்ட வானில் அச்சிற்றொளி பெரிதாகத் தோன்றுகின்றது. கதிரவன் ஒளி பரந்த வானிலோ அஃது இருந்தும் இல்லாததாகின்றது. ஒளியின் அளவை அளந்து கூறும் கருவியன்று கண். ஒரு பொருளின் ஒளிக்கும் அதன் சூழலின் ஒளிக்கும் உள்ள விகிதத்தையே அது காண்கின்றது.

செருமானிய நாட்டு இலைப்சிக் நகரில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வேபர் என்னும் அறிஞர், இவ்வியல்பை எடைகளைக் கொண்டு ஆராய்ந்தார். கையிலுள்ள சுமை மிகுந்தால், அதனோடு சேர்க்கும் எடையும் அதற்கேற்ப மிகுந்தாலன்றி வேறுபாடு புலப்படாது எனக் கண்டார். பெக்னர் என்பார் 1860இல் வெளியிட்ட நூலில் அதனை ஏனைப் புலன்களுக்கும் விரித்துரைத்தார். ஒரு விளக்கு எரியும் அறையில் மற்றொன்றை ஏற்றினால் அறை பொலிவுறும். நூறு விளக்குகள் எரியும் மண்டபத்தில் அதனையே ஏற்றினால் அறிவார் இலர். மிக மங்கிய ஒளியில் மட்டும் இவ்விதி தளரும். ஆங்கு வேறுபாடு இன்னும் பெரிதாதல் வேண்டும்.

விண்மீன் ஒளியில் தரையைக் காணும் கண்ணே நண்பகல் வெண்மணலையும் காண்கின்றது. இவ்விரண்டின் ஒளியும் ஒரு கோடி மடங்கினும் மிக வேறுபடும். கண்பாவை சுருங்கி விரிதலாலேயே இது நிகழ்வதாகப் பலர் எண்ணுவர். பாவையின் விட்டம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டரிலிருந்து 8 மில்லிமீட்டர் வரையே விரியும். அதனால் உட்புகும் ஒளி 16 மடங்கே பெருகும். எஞ்சிய பெரும்பணி விழித்திரைக்கு உரியது. மிக்க ஒளியில் கூம்பணுக்களும், மங்கிய ஒளியில் கோலணுக்களும் ஆங்குத் தொழிற்படும். வெயிலில் வெளுத்த நிறப்பொருள் கோலணுக்களில் முற்றும் மீள அரைமணி நேரத்திற்கு மேலும் ஆகும்; வெயிலிலிருந்து இருட்டறை புகுந்தவர் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெயில் முதுகிற்பட வாயிற்படியில் நிற்கும் குழந்தையின் முகத்தையும், அதன் பின்னுள்ள முகிலையும் கண் எளிதிற் காணும். பழைய தொலைக்காட்சிக்கு இஃது இயலவில்லை. முகத்தைக் காட்டினால் வானம் வெறும் வெண்டுணியாகும். வானத்தைக் காட்டினால் முகம் கரியாகும். ஒரு மெழுகுவத்தியின் ஒளி ஏறக்குறைய ஒரு கேண்டெலா எனப்படும். பழைய திரைகளுக்குப் படம் ஆக்குவோர் கொண்ட உச்ச ஒளி, சதுர மீட்டருக்கு 100 கேண்டெலாவே.

இக்குறையைப் போக்க எழுந்ததே எச்.டி.ஆர். என்னும் முறை. டால்பி ஆய்வுக்கூடத்தார் வகுத்த ஒளியளவு முறையொன்று 2014இல் திரைப்பட, தொலைக்காட்சிப் பொறியாளர் கழகத்தின் தரமாயிற்று. அதன் உச்சம் 10,000 கேண்டெலா. இத்துணை அகன்ற எல்லையைச் சமமான படிகளாகப் பிரித்தால், இருண்ட இடங்களில் படிகள் வரிவரியாகத் தோன்றும்; ஒளிமிக்க இடங்களிலோ கண்ணுக்குப் புலப்படாத படிகள் வீணே குவியும். ஆதலின், கண் வேறுபாடு உணரும் அளவை ஒட்டியே ஒவ்வொரு படியும் அமைக்கப்பட்டது. இருளில் படிகள் சிறியன, ஒளியில் பெரியன. பழைய முறையில் 256 படிகள். புதிய திரைகளில் பெரும்பாலும் 1,024. படிகள் நான்கு மடங்கு பெருக, உச்ச ஒளியோ நூறு மடங்கு பெருகிற்று! வேபரின் எடைகள் கற்பித்த சிக்கனம் இது.

வீட்டுத் திரைகளுட் பெரும்பாலன அவ்வுச்சத்தை எட்டுவதில்லை. விற்போர் ஒளியையே பறைசாற்றுவர். இருளைப் பற்றிப் பேசுவார் அரியர். ஓலெட் என்னும் திரையில் ஒவ்வொரு படப்புள்ளியும் தானே ஒளிர்ந்து தானே அணையவல்லது. அதனால் கருமை கருமையாகவே நிற்கும். ஆயினும், நண்பகலில் சாளரம் திறந்திருந்தால் அறையின் ஒளி திரைமேற் பட்டு மீண்டு, அக்கருமையைச் சாம்பல் நிறமாக்கிவிடும். வாயிற்படியிலுள்ள குழந்தையின் முகம் அப்பொழுது மீண்டும் மறையும். சாளரத்தை அடைத்தால் தோன்றும்.