கொழும்புல சம்பளம், ஒடுகத்தூர்ல வீடு: வரி எங்க கட்டணும்?



"கொழும்புல கம்பெனியே வரி பிடிச்சுட்டுதான் சம்பளம் தர்றாங்க. இந்தியாவுல எதுக்கு சார் மறுபடி காட்டணும்?" அடிக்கடி வர்ற கேள்வி இது. அந்த நிதியாண்டுல நீங்க இந்தியாவுல எத்தனை நாள் இருந்தீங்க என்பதுதான் இதை முடிவு பண்ணும்.

ஒரு உதாரணம் பார்ப்போம். ஜவ்வாது மலை அடிவாரத்து ஒடுகத்தூர் இளைஞர் ஒருத்தர், கொழும்புல கார்மென்ட்ஸ் வேலை கிடைச்சு 2025 செப்டம்பர் 20 அன்னிக்கு ஃபிளைட் ஏறுறார்னு வச்சுக்குவோம். ஏப்ரல் 1-லிருந்து எண்ணினா 173 நாள். வேலைக்காக வெளிநாடு போற இந்தியக் குடிமகன் அந்த வருஷம் 182 நாளுக்குக் குறைவா இங்க இருந்தா என்ஆர்ஐ. அங்க வேலை செஞ்சு, அங்க இருக்குற அக்கவுன்ட்லயே வாங்கின சம்பளத்துக்கு இங்க வரி இல்லை. அதுல இருந்து அப்புறமா அம்மாவுக்குப் பணம் அனுப்பினாலும் பிரச்சினை இல்லை. ஆனா சம்பளமே நேரா இந்திய வங்கிக் கணக்குல விழுந்தா, இங்க வரி கேள்வி வரும்.

அதே ஆள் பொங்கலுக்கு 10 நாள் ஊருக்கு வந்தா? 183 நாள். இப்போ அவர் ரெசிடென்ட். கொழும்புச் சம்பளமும் இந்திய ரிட்டர்ன்ல வரணும்.

ரெசிடென்ட் ஆயிட்டா என்ன செய்யணும்?

1. ஐடிஆர்-1 போடக்கூடாது. ஐடிஆர்-2-ல எஃப்எஸ்ஐ, டிஆர் ஷெட்யூல்களை நிரப்பணும்.

2. இலங்கையில பிடிச்ச வரிக்கு இங்க கிரெடிட் வாங்க ஃபார்ம் 67 போடணும். 2025-26 வருமானத்துக்குக் கடைசி நாள் 2027 மார்ச் 31. ரிட்டர்னோட சேர்த்தே முடிச்சுடறது நல்லது.

3. ஆதாரமா, கம்பெனிகிட்ட டி-10 சான்றிதழ் கேட்டு வாங்குங்க. நம்ம ஃபார்ம் 16 மாதிரி அது.

4. சம்பளத்தை ரூபாயா மாத்த, முந்தைய மாசக் கடைசி நாளோட எஸ்பிஐ டிடி பையிங் ரேட்டை எடுங்க. கூகுள் ரேட் செல்லாது.

5. கொழும்பு வங்கிக் கணக்கை எஃப்ஏ ஷெட்யூல்ல காட்டணும். இதுக்கு மட்டும் ஜனவரி–டிசம்பர் கணக்கு. காட்டாம விட்டா கறுப்புப் பணச் சட்டத்துல 10 லட்சம் வரை அபராதம் உண்டு. 2024 அக்டோபரிலிருந்து, வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா அந்த அபராதம் இல்லை. அதுக்காகக் காட்டாம விடலாம்னு அர்த்தமில்லை.

கிரெடிட் வேற, ரீஃபண்ட் வேற

இரு நாட்டு வரி ஒப்பந்தம் 2013-லிருந்து அமலில் இருக்கு. அங்க கட்டின வரி, அதே வருமானத்துக்கு இங்க வர்ற வரி, இதுல எது குறைவோ அதுதான் கிரெடிட். அங்க 60,000, இங்க 45,000-ன்னா கிரெடிட் 45,000. மீதி 15,000 திரும்ப வராது. புதிய வரி முறையில 12 லட்சம் வரை ரிபேட் கிடைச்சு இங்க வரியே பூஜ்யம்னா, கிரெடிட்டும் பூஜ்யம்.

இலங்கைக்கும் வரி ஆண்டு ஏப்ரல்–மார்ச்தான், அதனால கணக்கு சுலபம். சிங்கப்பூர்னா ஜனவரி–டிசம்பர், மாசவாரியா சம்பளத்தையும் வரியையும் பிரிச்சுக்கணும்.

பாஸ்போர்ட்ல உள்ள முத்திரைகளை ஸ்கேன் பண்ணி வைங்க. கிளம்பின நாளையும் வந்த நாளையும் இந்தியக் கணக்குல சேர்த்தே எண்ணுங்க, அதுதான் பாதுகாப்பு. பொங்கலுக்கு ஊருக்கு வர்றதைத் தள்ளிப்போடச் சொல்லல. டிக்கெட் போடறதுக்கு முன்னாடி ஒருதடவை நாளை எண்ணிப் பார்த்துடுங்க, அவ்வளவுதான்.