எரிந்த நூலகமும் நம் வீட்டுப் பெட்டியும்

கடைக்காரர்களாகிய நமக்கு நஷ்டம் என்பது புதிய வார்த்தை அன்று. எலி கடித்த மூட்டை, ஒழுகிப்போன எண்ணெய் டின், வாங்கியவர் ஊரை விட்டே போய்விட்ட பற்று, இவற்றையெல்லாம் கணக்கில் ஒரு பக்கம் எழுதிவிட்டு மேலே நடக்கிறோம். தீப்பிடித்தால் இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஆனால் பணம் கொடுத்தாலும் மறுபடி கொள்முதல் செய்ய முடியாத சரக்கு ஒன்று உண்டு. இம்மாதப் பாடம் அதைப் பற்றியது.

சென்ற மாதக் கூட்டத்தில் ஓர் இளைஞர் எழுந்து, "யுத்தத்தில் மனிதர்களே மடியும்போது புஸ்தகத்துக்கும் பழைய கட்டிடத்துக்கும் கவலைப்படுவது நியாயமா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. அன்று நாம் சொன்ன பதில் நமக்கே திருப்தியாக இல்லை. கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் சரியான பதில் தோன்றிற்று. நமக்கு எப்பொழுதும் அப்படித்தான்.

தமிழ் பேசும் நமக்கு மிகவும் கிட்டிய உதாரணம் யாழ்ப்பாணம் பொது நூலகம். 1933இல் க. மு. செல்லப்பா என்பவர் தம் வீட்டிலேயே தொடங்கிய சிறிய முயற்சி அது. அடுத்த ஆண்டு வாடகை அறை ஒன்றில் 844 புஸ்தகங்களோடு பொதுமக்களுக்குத் திறந்தார்கள். நம்மில் பலருடைய கடை தொடங்கிய கதையும் இப்படித்தான் இருக்கும்! ஊரார் சேர்ந்து நிதி திரட்டினார்கள். நூலக இயலில் பேர்பெற்ற எஸ். ஆர். அரங்கநாதன் ஆலோசனை கூறினார். சென்னைக் கட்டிடக் கலைஞர் நரசிம்மன் கட்டிடத்துக்கு வரைபடம் எழுதினார். 1959இல் அந்த வெள்ளை மாளிகை திறக்கப்பட்டது. ஏட்டுச் சுவடிகள், பழைய பத்திரிகைகள், வேறெங்கும் கிடைக்காத நூல்கள் என ஏறத்தாழ 97,000 அங்கே சேர்ந்தன.

1981 மே 31ஆம் தேதி தொடங்கிய கலவரத்தில் அத்தனையும் சாம்பல். மாவட்ட சபைத் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தன. தேர்தல் கூட்டம் ஒன்றில் போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதை அடுத்து, போலீஸாரும் அவர்களோடு கூடிய கூட்டத்தாரும் ஊருக்குள் இறங்கினார்கள். கடைவீதி எரிந்தது, 'ஈழநாடு' பத்திரிகை அலுவலகம் எரிந்தது, நூலகமும் எரிந்தது. பன்மொழிப் புலவரான தாவீது அடிகளார் தீயைக் கண்ட அதிர்ச்சியில் உயிர் நீத்தார் என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்வார்கள். ஒன்று கவனிக்க வேண்டும். உள்நாட்டு யுத்தம் 1983இல்தான் மூண்டது. நூலகம் எரிந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்பு. "யுத்தம் வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்று இருப்பவர்கள் இந்தத் தேதிகளை நினைவில் வைக்கலாம்.

அன்று எரிந்த கடைகள் மறுபடி எழுந்தன. வியாபாரியின் கை சும்மா இராது. எரிந்த ஏடு எழவில்லை.

யாழ்ப்பாணத்தைப் பற்றிப் பேசும்போது நம்மவர் கதையை விட்டுவிட்டுப் போவதும் நீதியாகாது. 1990 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டே மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். சோனகத் தெருவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தவர்கள் உடுத்த துணியோடு நடந்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்டவர்கள் எழுபதாயிரத்துக்கு மேல். நூலகத்துக்குப் பட்டியல் இருந்தது. அதனால் இத்தனை ஆயிரம் போயிற்று என்று கணக்குச் சொல்ல முடிகிறது. பூட்டிய வீட்டுக்குள் நின்றுபோன கிதாபுக்கும் நிலப் பத்திரத்துக்கும் யார் பட்டியல் எழுதி வைத்தார்? யுத்தம் 2009இல் முடிந்து திரும்பி வந்து, "இது எங்கள் வீடு" என்று சொல்வதற்குக் காகிதம் வேண்டியிருந்தது. பண்பாட்டுச் சொத்து என்றதும் கோபுரத்தையும் மாளிகையையும் மட்டும் நினைக்கிறோம். பத்திரமும் அதில் சேர்ந்ததே என்பது நமது அபிப்பிராயம்.

இனி நம் மலாயாவுக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. அங்கிருந்த ராஃபிள்ஸ் நூலகமும் பொருட்காட்சி சாலையும் கொள்ளை போயிருக்க வேண்டியவை. போகவில்லை. தாவரத் தோட்டத்து ஆங்கில அதிகாரி கார்னர் என்பவரும், ஜப்பானியப் பேராசிரியர் தானாகாடாத்தே என்பவரும் சேர்ந்து காவல் காத்தார்கள். ஒருவர் தோற்ற பக்கம், மற்றவர் ஜெயித்த பக்கம். ஆட்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகளிலிருந்த புஸ்தகங்களைக்கூட அள்ளி வந்து சேர்த்தார்கள். கோலாலம்பூரில் நடந்ததோ நேர்மாறு. 1945 மார்ச் 10ஆம் தேதி நேச நாட்டு விமானங்கள் ரயில் பட்டறையைக் குறி வைத்துப் போட்ட குண்டு சிலாங்கூர் பொருட்காட்சி சாலையின் ஒரு பக்கத்தைத் தகர்த்தது. எஞ்சிய பொருள்கள் தைப்பிங்குக்குப் போயின. அந்த இடத்தில்தான் 1963இல் தேசியப் பொருட்காட்சி சாலை எழுந்தது. எதிரி காத்தான், நண்பன் இடித்தான் என்று கதைபோல் சொல்லலாம். வேண்டுமென்று இடிக்கவில்லை என்பதும் உண்மை. ரயில் பட்டறைக்குப் பக்கத்தில் பழம்பொருளை வைத்திருந்தால் குண்டுக்கு வித்தியாசம் தெரியாது.

இந்த உலக யுத்தத்தின் நாசத்தைக் கண்டபின் 1954இல் ஹேக் நகரில் நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. கலைச் சின்னங்கள், நூலகங்கள், சுவடிகள், வணக்கத் தலங்கள் முதலியவற்றைத் தாக்கக் கூடாது. அவற்றைப் படை முகாமாகவும் ஆக்கக் கூடாது. சமாதான காலத்திலேயே பாதுகாப்புக்கான ஏற்பாடு செய்ய வேண்டும். நீலமும் வெள்ளையுமான கேடய அடையாளத்தை அவற்றின்மீது வைக்கலாம் என்பன அதன் சாரம். ஒரே நாட்டுக்குள் நடக்கும் ஆயுதச் சண்டைக்கும் இது பொருந்தும். இந்தியா 1958இலும், நம் மலாயா 1960இலும், இலங்கை 2004இலும் சேர்ந்தன. இலங்கையின் வருஷத்தை மேலே சொன்ன தேதிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "இராணுவ அவசியம்" என்றால் விலக்கு உண்டு என்று ஓர் ஓட்டையும் அதில் இருக்கிறது. ஓட்டையை ஓரளவு அடைக்க 1999இல் இன்னொரு பத்திரம் எழுதினார்கள்.

சட்டம் வெறும் காகிதம் என்று சிலர் கூறுவர். மாலி நாட்டுத் திம்புக்துவில் 2012இல் ஆயுதக் கூட்டத்தார் நகரைப் பிடித்து, பெரியார்களின் அடக்கத் தலங்களை இடித்தனர். இடித்தவர்கள் தம்மை முஸ்லிம்கள் என்றே சொல்லிக்கொண்டார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. அவர்களுள் ஒருவரான அல் மஹ்தி குற்றத்தை ஒப்புக்கொண்டார். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் அவருக்கு ஒன்பது வருஷச் சிறை விதித்தது. தலங்களை அவ்வூர்க் கொத்தனார்களே பழைய முறைப்படி மண்ணால் திரும்பக் கட்டினார்கள்.

அந்த ஊரில் நம்மை மிகவும் கவர்ந்தது தகரப் பெட்டிகளின் சங்கதி. திம்புக்துவின் குடும்பங்களிடம் அரபுக் கையெழுத்துப் பிரதிகள் பெருந்தொகையாக இருந்தன. அப்துல் காதிர் ஹைதரா என்பவரும் கூட்டாளிகளும் பூட்டுப் போட்ட டிரங்குப் பெட்டிகளில் அவற்றை அடுக்கி, வண்டியிலும் நைஜர் ஆற்றுப் படகிலும் தலைநகர் பமாக்கோவுக்குக் கடத்தினார்கள். சோதனைச் சாவடியில் நிற்கும் லாரியின் நிலை நமக்குத் தெரியும். அவர்கள் எத்தனை சாவடிகளைக் கடந்தார்களோ! அகமது பாபா நிலையத்தில் எஞ்சியிருந்தவற்றில் ஏறத்தாழ 4,000 பிரதிகள் 2013 ஜனவரியில் கருகியும் களவு போயும் மறைந்தன. பெரும்பகுதி தப்பிற்று. ஆனால் பாலைவனத்தின் வறண்ட காற்றில் நூற்றாண்டுகள் இருந்த காகிதத்துக்குப் பமாக்கோவின் ஈரக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை. காப்பாற்றிய பிறகு பூஞ்சையோடு போராட வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்டும்போதும் சுலபமாக முடியவில்லை. எரிந்த கூட்டை அப்படியே சாட்சியாக விட வேண்டும் என்றனர் சிலர். 1990களின் பிற்பகுதியில் சிங்கள மக்கள் உட்படப் பலர் ஆளுக்கொரு புஸ்தகமும் ஒரு செங்கல்லும் என்று நன்கொடை கேட்டு இயக்கம் நடத்தினார்கள். இப்பொழுது கட்டிடம் பழைய அழகோடு நிற்கிறது. புதிய நூல்களும் நிறைய உண்டு. ஏடுகளை வாங்க எந்தக் கடைக்குப் போவது? இந்தக் கசப்பான அனுபவத்துக்குப் பிறகு 2005இல் 'நூலகம்' என்ற பெயரில் இலங்கைத் தமிழ் நூல்களைப் படம் பிடித்துச் சேர்க்கும் வேலை தொடங்கியது. சென்னையில் ரோஜா முத்தையா செட்டியாரின் சேகரம் 1994 முதல் நூலகமாகி நுண்படம் எடுக்கப்பட்டது. ஒரு பிரதி எரிந்தால் மறு பிரதி இருக்கட்டும் என்ற ஏற்பாடு.

இளைஞரின் கேள்விக்கு இப்பொழுது வருகிறோம். எங்கள் பாட்டனார் சுங்கை காடுட் தோட்டத்து ஆட்களுக்குக் கடன் கொடுத்து வியாபாரம் செய்தவர். பிற்காலத்தில் அத்தாவும் நாமும் 555 புத்தகத்தில் எழுதிய பற்றை அவர் பெரிய பேரேட்டில் எழுதுவார். அவருக்குப் பின் ஒரு பெட்டி நிறையப் பேரேடு இருந்தது. 2009இல் கடை இடம் மாறியபோது, இடைஞ்சல் என்று பழைய காகிதக்காரரிடம் கிலோக் கணக்கில் போட்டுவிட்டோம். போட்டது நாம்தான், குண்டும் விழவில்லை, தீயும் வைக்கவில்லை. தராசு ஆடாமல் இருக்கக் காலுக்கு அடியில் செருகியிருந்த ஒரு பேரேடு மட்டும் தப்பியது. அது ஜப்பான் காலத்துப் பேரேடு. வாழைமர நோட்டுக் கணக்கு. அதில் பதினேழு பேரின் பெயருக்கு எதிரே "சயாம்" என்று எழுதியிருக்கிறது. தொகையைக் கழிக்கவும் இல்லை, வரவு வைக்கவும் இல்லை. மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தோட்டத்துத் தமிழர்களுக்குப் பெயர்ப் பட்டியல் வைத்தவர்கள் குறைவு. அரிசிக்கும் சீனிக்கும் பற்று எழுதிய பக்கமே அந்தப் பதினேழு பேர் இங்கே வாழ்ந்தார்கள் என்பதற்கு எங்கள் கையிலுள்ள ஒரே எழுத்து. மனிதர் போன பிறகு மிஞ்சுவது அதுதான், தம்பி. விற்றுப்போன பேரேடுகளில் இன்னும் யார் யார் இருந்தார்களோ.

இப்பொழுது தோட்டம் வீடமைப்பாகவும் தொழிற்சாலையாகவும் மாறிவிட்டது. லயத்தில் இருந்தவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அந்தப் பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் கைப்பேசியால் படமெடுத்து, ஒரு பிரதி மகனிடத்திலும் ஒரு பிரதி சங்கக் காரியதரிசியிடத்திலும் கொடுத்திருக்கிறோம். மூலம் நம்மிடம் உயரமான அலமாரியில், தரையில் படாமல், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வைத்தால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். ஒருமுறை பட்டு அறிந்தோம். அரபுத்தமிழ்க் கிதாபு, தோட்டத்துப் பற்றுச் சீட்டு, பழைய கூட்ட நடவடிக்கைப் புத்தகம் வைத்திருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். மூலத்தை யாரும் வாங்கிக்கொள்ள மாட்டார்கள். படம் எடுத்து, பட்டியலில் எழுதிக்கொண்டு, அன்றே கையில் கொடுத்துவிடுவோம். கரையான் தின்றது, பாதி கிழிந்தது என்று வெட்கப்பட வேண்டாம். நம்முடையதற்கு முதல் பத்துப் பக்கம் இல்லை.