செலவில்லாமல் காம்பராவைப் பிள்ளைக்குப் பாதுகாப்பாக்குவோம்



தாய் பெரட்டுக்குப் போனால் பிள்ளையைப் பிள்ளைக் காம்பரா ஆயா பார்த்துக் கொள்வார். ஆனால் விடியக் காலையிலும், அந்தியிலும், ஞாயிற்றுக் கிழமையிலும் பிள்ளை லயக் காம்பராவில்தான் இருக்கிறது. அடுப்பு எரிவதும், சுடுதண்ணி கொதிப்பதும், எல்லோரும் அவசரப்படுவதும் அதே நேரத்தில்தான். அதனால் இந்த முறை, காசு செலவழிக்காமல் வீட்டில் என்ன செய்யலாம் என்று படிப்போம்.

முதலில் ஒரு வேலை செய்யுங்க. காம்பராவிலும் இஸ்தோப்பிலும் பிள்ளை மாதிரியே தவழ்ந்து பாருங்க. கைக்கு எட்டுவது எது என்று அப்போது தெரியும்.

1. அடுப்பும் சுடுதண்ணியும்
சின்னப் பிள்ளையின் தோல் மெல்லியது. நமக்குச் சுள்ளென்று படும் தேத்தண்ணி பிள்ளையின் தோலை வேக வைத்துவிடும். பிள்ளையை மடியில் வைத்துக் கொண்டு தேத்தண்ணி குடிக்க வேண்டாம். கேத்தலைத் தரையில் வைக்க வேண்டாம். குளிப்பாட்டும் போது பேசினில் முதலில் பச்சைத் தண்ணி, பிறகுதான் சுடுதண்ணி. அடுப்படி வாசலுக்கு மூங்கிலையோ பழைய பலகையையோ குறுக்கே கட்டி, பிள்ளை தாண்ட முடியாத உயரத்துக்கு ஒரு தடுப்புப் போடுங்க.

2. மண்ணெண்ணெயும் மருந்தும்
மண்ணெண்ணெய், களைக்கொல்லி, பினாயில் எதையும் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கக் கூடாது. பிள்ளைக்குப் போத்தல்தான் தெரியும், உள்ளே இருப்பது தெரியாது. களைக்கொல்லியை வீட்டுக்கே கொண்டு வர வேண்டாம். ஆச்சி தாத்தாவின் பிரஷர் குளிசை, சீனி வருத்தக் குளிசைகளை ஒரு டின்னில் போட்டு உயரத்தில் ஆணியடித்துத் தொங்க விடுங்க.

3. தண்ணி
சில அங்குலத் தண்ணியிலும் தவழும் பிள்ளை மூழ்கும். பீப்பாய்க்குப் பலகை மூடியும் அதன் மேல் ஒரு கல்லும் போதும். வாளியைப் பாவித்த பின் கவிழ்த்து வைங்க. கானுக்குப் பக்கத்தில் பிள்ளையைத் தனியே விட வேண்டாம்.

4. ஆயுதமும் சின்னச் சாமான்களும்
கவ்வாத்துக் கத்தி, மம்பட்டி, முள்ளு ஆகியவற்றுக்கு ஒரு இடம் வைங்க. கத்தியைச் சாக்குத் துண்டில் சுற்றி உயரத்தில் செருகுங்க. காசு, பொத்தான், பற்றரி, முழுக் கச்சான் தொண்டையில் அடைக்கும். தரையை நாளும் கூட்டிப் பாருங்க. தோல் போன வயரைத் தொட வேண்டாம், தெரிந்தவரை வைத்து மாற்றுங்க.

ஆபத்து நேர்ந்தால்
சுட்டால், உடனே ஓடும் பச்சைத் தண்ணியில் 20 நிமிஷம் பிடிங்க. உடம்பின் மற்றப் பாகம் குளிராமல் துணியால் போர்த்துங்க. பற்பசை, தேங்காயெண்ணெய், முட்டை வெள்ளை எதுவும் பூச வேண்டாம். சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க.
மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. எடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். குடித்த போத்தலையும் கையோடு எடுத்துப் போங்க.
2016-ல் தொடங்கிய சுவசெரிய இலவச அம்புலன்சுக்கு 1990 என்ற இலக்கத்தை அழையுங்க. லயத்தின் பெயரையும், எந்தப் பாதையால் வரலாம் என்பதையும் சொல்ல வீட்டில் எல்லோரும் பழகியிருக்க வேண்டும்.

எட்டு வயதுப் பிள்ளையிடம் கைக்குழந்தையை விட்டுப் போவது பல வீட்டில் நடக்கிறது. அந்தப் பிள்ளையும் ஒரு பிள்ளைதான். பொறுப்பு பெரியவர்களுடையது. பக்கத்துக் காம்பரா அக்காவிடம் ஒரு சொல் சொல்லிவிட்டுப் போங்க. நாமும் அவர் பிள்ளையை இன்னொரு நாளைக்குப் பார்ப்போம்.

வருகிற ஞாயிறு ஒரு மணி நேரம் ஒதுக்கி, மேலே சொன்ன நாலையும் தகப்பனும் தாயும் சேர்ந்தே பாருங்க. தேவைப்படுவது ஒரு பலகை, நாலு ஆணி, ஒரு சாக்குத்துண்டு மட்டும்தான்.