காரணம் சொல்லிப் பழகுவோம்!

(வாதக் கட்டுரை எழுத ஒரு வழிகாட்டி)

மூன்றாம் ஆண்டு மாணவர், இயந்திரவியல் துறை



கட்டுரை என்றதும் நமக்கு ஞாபகம் வருவது என்ன? முன்னுரை, பொருளுரை, முடிவுரை. இடையிடையே நாலு பொன்மொழி, ஒரு பழமொழி. கடைசியில் "முயன்றால் முடியாதது இல்லை" என்று ஒரு வரி. பள்ளியில் இப்படி எழுதித்தான் மார்க் வாங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கிறோம். அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் கட்டுரையில் இன்னொரு வகை இருக்கிறது. அதுதான் வாதக் கட்டுரை. தத்துவத்தை முதன்முதலாகப் படிக்க வருகிறவர்களுக்குத் தரப்படும் ஆரம்பப் பயிற்சிகளில் இதுவும் ஒன்று. ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஒரு பதில் சொல்லி, அந்தப் பதில் ஏன் சரி என்று காரணம் காட்ட வேண்டும். அவ்வளவுதான்.

"நாம லேத் ஓட்டப் போறவங்க, நமக்கு எதுக்குப்பா தத்துவம்?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. நியாயமான கேள்விதான். ஆனால் நாளைக்கு வேலைக்குப் போனால் ஒரு பாகத்தை ஏன் ரிஜெக்ட் செய்தோம் என்று ரிப்போர்ட் எழுத வேண்டும். மெமோ வந்தால் பதில் எழுத வேண்டும். யூனியன் கூட்டத்தில் எழுந்து பேச வேண்டும். காரணம் சொல்லத் தெரியாதவனுக்கு இந்த இடங்களில் இரண்டே வழிதான் உண்டு: "சரிங்க சார்" என்று தலையாட்டுவது, இல்லையென்றால் சத்தம் போடுவது. மூன்றாவது வழியைக் கற்றுக்கொள்வதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஒரே ஒரு கேள்வியைக் கடைசி வரை எடுத்துக்கொண்டு, படிப்படியாகப் பார்ப்போம்.

1. கேள்வி

கேள்வி இரண்டு பக்கமும் பேசத் தக்கதாக இருக்க வேண்டும். "தண்ணீர் எத்தனை டிகிரியில் கொதிக்கும்?" என்பதற்கு வாதம் தேவையில்லை, தெர்மாமீட்டர் போதும். "நேர்மை நல்லதா?" என்றால் எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது:

மேலதிகாரி உத்தரவிட்டார் என்பதற்காக ஒருவன் தவறான வேலையைச் செய்தால், அதற்கு அவன் பொறுப்பாளியா?

ஒரு கற்பனை உதாரணம் வைத்துக்கொள்வோம். தொழிற்சாலையில் பளு தூக்கும் சங்கிலியைச் சோதித்துச் சான்றிதழ் எழுதுவது ஒருவனுடைய வேலை. "நேரமில்லைப்பா, டெஸ்ட் பண்ணின மாதிரி எழுதிடு" என்கிறார் சூப்பர்வைசர். அவன் எழுதிவிடுகிறான். பொறுப்பு யாருடையது?

2. கட்சி

நம்முடைய பதிலை ஒரே வாக்கியத்தில், முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். "இந்தப் பிரச்சினையில் பல கோணங்கள் உள்ளன" என்று எழுதுவது பதில் ஆகாது. அது நழுவல். நம் கட்சி: "மேலதிகாரியின் உத்தரவு, தவறு செய்தவனின் பொறுப்பை நீக்காது."

3. சொல்லுக்குப் பொருள்

அடுத்தது, முக்கியமான சொற்களுக்கு என்ன பொருள் கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். இங்கே "பொறுப்பு" என்றால் என்ன? தண்டனையா? பழியா? "ஏன் செய்தாய்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பது என்று நான் வைத்துக்கொள்கிறேன். நீங்கள் வேறு மாதிரி வைத்துக்கொள்ளலாம். ஆனால் முதல் பக்கத்தில் ஒரு பொருளிலும் கடைசிப் பக்கத்தில் வேறு பொருளிலும் எழுதக் கூடாது. டிராயிங்கில் பாதியில் ஸ்கேலை மாற்றினால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும் ஆகும்.

4. காரணங்களை எண் போட்டு எழுதுதல்

முதலில் ரஃப் நோட்டில் காரணங்களை எண் போட்டு எழுதிப் பாருங்கள்.

(1) ஒருவன் தான் செய்வது என்ன என்று தெரிந்தும், மறுக்க வழி இருந்தும் ஒன்றைச் செய்தால், அதற்கு அவன் பொறுப்பு.

(2) பொய்ச் சான்றிதழ் எழுதியவனுக்கு அது பொய் என்று தெரியும். மறுக்கவும் வழி இருந்தது.

(3) ஆகவே அவன் பொறுப்பு.

இது மேல்நாட்டுச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். மணிமேகலையின் 29-ஆவது காதையில் அறவண அடிகள் மணிமேகலைக்குப் பாடம் நடத்துவது இந்த வித்தையைத்தான். பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம் என்று ஐந்து உறுப்பு அங்கே வருகிறது. பக்கம் என்றால் நம் கட்சி: மலையில் நெருப்பு இருக்கிறது. ஏது என்றால் காரணம்: புகை தெரிகிறதே. திட்டாந்தம் என்றால் உதாரணம்: அடுக்களையில் பார்த்திருக்கிறோமே. உபநயம் அதை இந்த மலைக்குப் பொருத்துவது. நிகமனம் முடிவு. இதில் இன்னொரு விஷயம் கவனிக்க வேண்டும். இதற்கு முன்பே, 27-ஆவது காதையில், வஞ்சி நகரத்தில் பல சமயத்தாரிடமும் போய் அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே மணிமேகலை கேட்டுவிடுகிறாள். பிறர் சொல்வதைக் கேட்ட பிறகுதான் இந்தப் பாடம்.

5. இணைப்பு சரியா?

எண் போட்டு எழுதியதும் இரண்டு சோதனை செய்ய வேண்டும். ஒன்று, ஒவ்வொரு வாக்கியமும் உண்மையா? இரண்டு, அவை எல்லாம் உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் முடிவு அதிலிருந்து வருகிறதா?

இரண்டாவது சோதனைக்கு மின்னியல் துறை நண்பர்களுக்குப் பிடித்த உதாரணம் ஒன்று: "ஃபியூஸ் போனால் விளக்கு எரியாது. விளக்கு எரியவில்லை. ஆகவே ஃபியூஸ் போய்விட்டது." கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் பல்பே போயிருக்கலாம். ஸ்விட்ச் பழுதாகியிருக்கலாம். கரண்டே இல்லாமல் இருக்கலாம். முதல் இரண்டு வாக்கியமும் உண்மையாக இருந்தும் முடிவு தவறாகலாம். அரசியல் மேடையிலும் டீக்கடையிலும் நடக்கிற பாதி வாதம் இந்த ஃபியூஸ் வாதம்தான்!

இன்னொன்று: யார் சொன்னார் என்பது மட்டும் காரணம் ஆகிவிடாது. கி.மு. 399-இல் சாக்ரடீஸ் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தபோது, நண்பர் கிரிட்டோ வந்து தப்பிக்கச் சொல்கிறார். "உன்னைக் காப்பாற்றவில்லை என்று ஊர் எங்களைத்தானே ஏசும்?" என்பது அவருடைய கவலைகளில் ஒன்று. பலர் என்ன நினைப்பார்கள் என்பதை விடு, தப்பிப்பது நியாயமா என்று பார்ப்போம் என்கிறார் சாக்ரடீஸ். பிளேட்டோ எழுதிய "கிரிட்டோ" என்ற சிறிய நூல் முழுக்க அந்த ஆராய்ச்சிதான். உயிர் போகிற நேரத்திலும் அவர் காரணத்தைத்தான் கேட்டார். பொன்மொழியை எடுத்து எழுதுங்கள், தடையில்லை. ஆனால் அந்தப் பெரியவர் ஏன் அப்படிச் சொன்னார் என்ற காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

6. உதாரணம் எதை நிரூபிக்கும்?

நம் கேள்விக்குப் பொருத்தமான நிஜச் சம்பவம் ஒன்று உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பிய 73-ஆவது விநாடியில் சிதறி, அதில் இருந்த 7 பேரும் இறந்தார்கள். பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்பில் இருந்த ஓ-ரிங் கடும் குளிரில் சரியாக அடைக்காததே காரணம் என்று தெரிந்தது. நம் ஹைட்ராலிக்ஸ் லேபில் பார்க்கிறோமே, அதே ரப்பர் வளைய இனம்தான், அளவு மட்டும் பெரியது. முதல் நாள் இரவே பூஸ்டரைத் தயாரித்த மார்ட்டன் தியோகால் கம்பெனியின் பொறியாளர்கள், ரோஜர் பாய்ஸ்ஜாலி உட்பட, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (சுமார் 12 டிகிரி செல்சியஸ்) கீழே ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். கம்பெனி நிர்வாகிகள் முதலில் அதை ஏற்றுப் பரிந்துரைத்து, பிறகு மாற்றிக்கொண்டார்கள்.

இந்த உதாரணத்தைக் கட்டுரையில் வைத்துவிட்டு "ஆகவே உத்தரவுக்கு யாரும் கீழ்ப்படியக் கூடாது" என்று எழுதினால் அது தாவல். ஒரு சம்பவத்தை வைத்து "எல்லோரும், எப்போதும்" என்று சொல்ல முடியாது. இந்தச் சம்பவம் காட்டுவது ஒன்றைத்தான்: ஆபத்து என்ன என்பது மேலே இருப்பவரைவிடக் கீழே வேலை செய்கிறவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்கலாம். அது நம் (2)-ஆவது வாக்கியத்தின் "தெரியும்" என்ற பாதிக்குப் பலம். "மறுக்க வழி இருந்தது" என்ற மறுபாதிக்கு இது ஒன்றும் செய்யாது. எந்தத் தூண் எந்த உத்தரத்தைத் தாங்குகிறது என்று தெரிந்து வைக்க வேண்டும்.

7. எதிர்வாதம்

கட்டுரையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. யு.டி.எம். மெஷினில் ஒரு கம்பியைப் பூட்டினால், அது இழுபட்டு, கழுத்து சிறுத்து, உடையும் வரை இழுக்கிறோம். கையால் இழுத்துப் பார்த்துவிட்டு "பலமா இருக்கு சார்" என்று ரெக்கார்டில் எழுதினால் யார் ஏற்பார்கள்? வாதமும் அப்படித்தான். நோஞ்சான் எதிர்வாதத்தைக் கொண்டுவந்து நிறுத்தி அதை அடித்துப்போட்டால் நம் வாதம் பலமானது ஆகிவிடாது.

13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியாரில் பரபக்கம், சுபக்கம் என்று இரண்டு பகுதி. பரபக்கம் என்பது பிறர் கட்சி. சுபக்கம் தம் கட்சி. பிறர் கட்சிகளை எடுத்துச் சொல்லி, அவற்றுக்கு மறுப்பும் சொன்ன பிறகே தம் கட்சிக்கு வருகிறார். எதிராளியின் வாதத்தை அவனே படித்தால் "நான் சொல்ல வந்ததை என்னைவிட நன்றாகச் சொல்லிவிட்டாயே" என்று சொல்லும்படி எழுத வேண்டும். அதுதான் அளவுகோல்.

நம் கட்சிக்கு மிகப் பலமான எதிர்வாதம் எது? நான் யோசித்தவரையில் இதுதான்:

"மறுக்க வழி இருந்தது என்று சுலபமாகச் சொல்லிவிட்டாய். யாருக்கு வழி? வீட்டில் படித்து வேலைக்குப் போன முதல் ஆள் அவன். அவன் சம்பளத்தில்தான் தங்கச்சி படிக்கிறாள், அப்பாவின் கடன் அடைகிறது. வேலை போனால் வேறு வேலை வாங்கித்தர மாமன் மச்சான் யாரும் இல்லை. வசதியுள்ளவன் மறுத்தால் அது கொள்கை. இவன் மறுத்தால் அது பட்டினி. வழி இல்லாதவனைப் பொறுப்பாளி என்பது அநியாயம்."

இதை எழுதும்போது எனக்கே கை நிற்கிறது. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். இந்த எதிர்வாதம் பேசுவது என்னைப் பற்றித்தான், உங்களில் பலரைப் பற்றியும்தான். வலிக்கிற எதிர்வாதத்தைத்தான் எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு "சிலர் சோம்பேறித்தனத்தால் கீழ்ப்படிகிறார்கள்" என்று எழுதினால் நமக்கு நாமே பொய்ச் சான்றிதழ் எழுதிக்கொள்கிறோம் என்று அர்த்தம்.

8. பதிலும் திருத்தமும்

பதில் சொல்ல இரண்டு வழி உண்டு. எதிர்வாதத்தில் ஓட்டை காட்டுவது ஒன்று. அதில் உள்ள உண்மையை ஏற்று நம் கட்சியைத் திருத்துவது இன்னொன்று. இரண்டும் கௌரவமானவையே.

முதலாவது: வறுமை என்ற காரணத்தைத் தராசின் ஒரு தட்டில் மட்டும் வைக்க முடியாது. அந்தச் சங்கிலிக்குக் கீழே நிற்கிற தொழிலாளியும் ஒரு வீட்டின் ஒரே சம்பாத்தியமாக இருக்கலாம். அவனுக்கும் தங்கச்சி இருப்பாள். இவனுக்குப் போவது வேலை. அவனுக்குப் போவது உயிர். தன் குடும்பத்தைச் சொல்லி நியாயம் கேட்கிறவன் அவன் குடும்பத்துக்கும் பதில் சொல்லத்தான் வேண்டும். பொறுப்பு என்று நாம் சொன்னது அதைத்தானே?

இரண்டாவது: கஷ்டத்தில் இருப்பவன் செய்ததையும் கஷ்டமே இல்லாதவன் செய்ததையும் ஒரே அளவில் பழிக்கக் கூடாது என்பது உண்மை. பொறுப்பு இருக்கிறதா என்பது ஒரு கேள்வி; பழி எவ்வளவு என்பது வேறு கேள்வி. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்துக்காக 1945-இல் வகுத்த சாசனத்தின் 8-ஆவது பிரிவு இப்படித்தான் பிரிக்கிறது: மேலதிகாரியின் உத்தரவு பொறுப்பிலிருந்து விடுவிக்காது, ஆனால் நியாயம் என்று பட்டால் தண்டனையைக் குறைக்க அதைக் கருதலாம். அங்கே விசாரித்த குற்றங்களையும் நம் சங்கிலியையும் நான் ஒப்பிடவில்லை. அந்தப் பிரிவினையை மட்டும்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அதோடு, சூப்பர்வைசர் தப்பித்துவிடவில்லை. பொறுப்பு என்பது பங்கு போட்டால் குறைகிற சொத்து அல்ல. உத்தரவிட்டவருக்கும் முழுப் பொறுப்பு, செய்தவனுக்கும் பொறுப்பு.

ஆகவே திருத்திய கட்சி: "மேலதிகாரியின் உத்தரவு, தவறு செய்தவனின் பொறுப்பை நீக்காது, ஆனால் மறுப்பதால் அவன் எவ்வளவு இழப்பான் என்பதைப் பொறுத்துப் பழியின் அளவு குறையலாம்." முதலில் எழுதியதைவிட இது நீளம், ஆனால் கூடுதல் பாரம் தாங்கும். முதல் பத்திக்குத் திரும்பிப் போய், அங்கேயும் இந்த வாக்கியத்தையே மாற்றி எழுதிவிடுங்கள்.

9. எழுதும்போது சில குறிப்புகள்

* ஒரு பத்திக்கு ஒரு வேலை. கட்சிக்கு ஒன்று, காரணத்துக்கு ஒன்று, எதிர்வாதத்துக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று.
* "ஆகவே" என்று எழுதும்போதெல்லாம் ஒருமுறை நில்லுங்கள். மேலே சொன்னதிலிருந்து அது நிஜமாகவே வருகிறதா?
* "அனைவரும் அறிந்ததே", "சொல்லத் தேவையில்லை" என்ற தொடர்களுக்குப் பின்னால் பெரும்பாலும் சொல்லப்படாத ஒரு காரணம் ஒளிந்திருக்கும். அதை வெளியே இழுங்கள்.
* எதிராளியைத் திட்டாதீர்கள். அவன் ஆள் எப்படி என்பது கேள்வி இல்லை.
* எழுதி முடித்ததும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளாத நண்பனிடம் படிக்கக் கொடுங்கள். "சூப்பர்டா" என்று சொல்கிறவன் இதற்கு உதவ மாட்டான்.

பழகிப் பார்க்க மூன்று கேள்விகள் தருகிறேன். பரீட்சையில் நண்பனுக்குக் காட்டுவது நட்பா? மனிதனின் வேலையை மெஷின் செய்துவிட முடியும் என்றால் அதைச் செய்ய விடத்தான் வேண்டுமா? பெற்றோர் விருப்பத்துக்காகப் படிப்பைத் தேர்ந்தெடுப்பது கடமையா?

என் கட்சியை ஏற்காதவர்கள் இருப்பீர்கள். இருக்கட்டும். (1), (2), (3)-இல் எந்த வாக்கியம் உடைகிறது என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஹாஸ்டல் வராந்தாவில் உட்கார்ந்து பேசுவோம், சத்தம் போடாமல்!