முடிக்காரர் சொன்ன கணக்கு

சீப்பில் வருகிற முடியைச் சுருட்டி ஒரு பையில் போட்டு, அடுப்படி சன்னல் கம்பியில் செருகி வைப்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம். சவுரிமுடி வாங்குகிறவர் சைக்கிளில் வருவார். எடையைப் பார்த்துப் பாத்திரமோ பிளாஸ்டிக் சாமானோ கொடுத்துவிட்டுப் போவார். எனக்கு ஒரு பை நிறைய ஒரு வருஷமாகும். 2021 தீபாவளிக்கு முன்னால் வந்தவர் என் பையைக் கையில் தூக்கிப் பார்த்தார். "போன தடவ வந்து மூணு மாசந்தான் ஆகுது. அதுக்குள்ள இவ்வளவா? உடம்புக்கு எதுவும் சரியில்லையா தாயி?" என்றார். எவர்சில்வர் கிண்ணம் ஒன்று கிடைத்தது.

என் முடி கொட்டியதைப் பார்த்து உடம்பைப் பற்றி விசாரித்த முதல் ஆள் அவர்தான். மற்ற எல்லோரும் என்ன எண்ணெய் தேய்க்கிறாய் என்றுதான் கேட்டார்கள்.

நான் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருக்கிறேன். வேலை பெரும்பாலும் தினசரி காலண்டர்தான். ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்களை வெளியிடுவது எங்கள் ஊர் வழக்கம். அந்த ஆடியில் காலண்டர் அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான் ஒட்டுகிற பசையில் என் முடி இழை இழையாக ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தேன். மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில், பத்து நாள் காய்ச்சலில் கிடந்திருந்தேன். அப்போது ஒரு முடிகூடக் கொட்டவில்லை. எல்லாம் சரியாகி, சுவை திரும்பி, வேலைக்கும் வந்த பிறகு கொட்டுகிறதே என்று எனக்கு ஒன்றும் புரியவில்லை.

பிறகு ஒரு தோல் டாக்டர் புரியவைத்தார். தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் இரண்டு முதல் ஆறு வருஷம் வளரும். அப்புறம் இரண்டு மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு விழும். தினமும் ஐம்பது முதல் நூறு வரை விழுவது இயல்பு. கடுமையான காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன் என்று உடம்புக்கு ஒரு அடி விழுந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு கூட்டம் மொத்தமாக வேலையை நிறுத்தி ஓய்வுக்குப் போய்விடும். அவை விழுவது இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். மே மாதக் காய்ச்சலுக்கு ஆகஸ்ட்டில் முடி விழுந்ததன் கணக்கு இதுதான். ஆடியில் நாங்கள் அடிக்கிற தாள் ஜனவரியில்தான் கிழிபடுகிறது என்பது எனக்குத் தெரியும். என் தலையும் அந்த மாதிரிதான் நடந்துகொள்ளும் என்பது மட்டும் தெரியாமல் இருந்திருக்கிறது.

காய்ச்சலுக்கு விழுந்தது ஆறு மாதத்தில் தானாக நின்றுவிட வேண்டும். எனக்கு நிற்கவில்லை. அந்த ஆறு மாதமும் நான் செய்த கூத்து கொஞ்சமல்ல. கரிசலாங்கண்ணி, செம்பருத்தி, சின்ன வெங்காயச் சாறு, யாரோ வாட்ஸ்அப்பில் விற்ற மூலிகைத் தைலம் என்று கையில் கிடைத்ததையெல்லாம் தலையில் கொட்டினேன். தைலம் மட்டும் பாட்டில் எழுநூறு ரூபாய். எண்ணெயைக் குறை சொல்ல மாட்டேன். தேங்காய் எண்ணெய் தேய்த்துக் குளித்தால் முடி உடைவது குறைகிறது. ஆனால் உடைவது வேறு, வேரோடு விழுவது வேறு. விழுந்த முடியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகக் கடுகைவிடச் சின்ன உருண்டை இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. அதற்கு எண்ணெயால் ஆவது ஒன்றுமில்லை. இல்லையென்றால் அது உடைந்தது, அதற்குக் காரணம் சீப்போ, உப்புத் தண்ணியோ, இறுக்கிப் பின்னுவதோ ஆக இருக்கும்.

எங்கள் மதினி பட்டாசு ஆலையில் இருக்கிறாள். அலுமினியப் பவுடர் படிந்து வெள்ளி முலாம் பூசியது மாதிரி சாயங்காலம் வீட்டுக்கு வருவாள். அவள் முடியும் சீப்பில் வந்தது. இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்தோம். அவளுடையது பெரும்பாலும் உடைந்த முடி, உருண்டை இல்லை. தலையைத் துணியால் முழுக்க மூடிக்கொண்டு வேலை செய்ய ஆரம்பித்தாள், வந்ததும் சீவாமல் முதலில் அலசினாள், குறைந்தது. என்னுடையதில் இழைக்கு இழை உருண்டை இருந்தது.

உடம்பு வேறு சாடைகளையும் காட்டிக்கொண்டுதான் இருந்தது, நான்தான் கண்டுகொள்ளவில்லை. சிவகாசி வெயிலில் எனக்குக் குளிர்ந்தது. அச்சகத்தில் எல்லோரும் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடிக்க, நான் அதைவிட்டுத் தள்ளி உட்கார்ந்தேன். காலையில் எழும்போதே களைப்பு. மாதவிலக்கு எட்டு ஒன்பது நாள் நீண்டது. புருவத்தின் வெளிப்பக்க ஓரம் மெலிந்திருந்தது. பொட்டு வைக்கும்போது தினமும் பார்க்கிற முகம்தான், ஆனால் கண்ணில் படவில்லை.

2022 பிப்ரவரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தேன். தைராய்டு குறையும்போது ஏறுகிற டி.எஸ்.எச் 38. நாலு அல்லது ஐந்துக்குள் இருக்க வேண்டியது. ஹீமோகுளோபின் 8.6. உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டுகிற பெரிட்டின் 6. போனஸாகச் சர்க்கரையும் இருந்தது. எல்லாவற்றையும் ஒரே தாளில் பார்த்தபோது அழுகை வந்தது. டாக்டரம்மா நிதானமாகக் கோத்துச் சொன்னார்: தைராய்டு குறைந்ததால் விலக்கு அதிகமாகியிருக்கிறது, அதில் இரும்பு போயிருக்கிறது, இரண்டும் சேர்ந்து முடியைத் தள்ளியிருக்கிறது. காய்ச்சல் ஒரு தள்ளு மட்டும் தள்ளிவிட்டது. "தலைக்கு வைத்தியம் பாக்காதீங்க, ரத்தத்துக்குப் பாருங்க. இந்த முடி திரும்பாது. புது முடிதான் வரணும். அதுக்கு ஆறு மாசம் பொறுக்கணும்."

வந்திருந்தது ஹஷிமோட்டோ வகைத் தைராய்டு. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சுரப்பியையே தாக்குவது. 1912-ல் இதை முதலில் விவரித்து எழுதியவர் ஹகாரு ஹஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர். குட்டி ஜப்பான் என்று பேர் வாங்கிய சிவகாசிக்காரிக்கு வேறு எந்த ஊர் வியாதி வரும் என்று என் தம்பி கேலி செய்தான்.

இன்னொரு கேலியும் உண்டு. எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசு மருந்துதான். மாமியார் பக்கத்து வீட்டில் "எங்க மருமக இப்ப மருந்துல இருக்கா" என்று சொல்லப்போக, நான் அச்சகத்தை விட்டுப் பட்டாசு ஆலைக்கு மாறிவிட்டதாகத் தெருவே ஒரு மாதம் நம்பியது.

மாத்திரை வாங்குவது லேசு. சாப்பிடுகிற நேரம்தான் பெரும்பாடு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும். அதற்குப் பின் அரை மணியாவது, முடிந்தால் ஒரு மணி நேரம், காபியும் கூடாது பலகாரமும் கூடாது. இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி. இரும்பைத் தேநீரோடு சேர்த்தால் உடம்பில் சரியாகச் சேராது. சர்க்கரைக்கான மெட்பார்மின் சாப்பாட்டோடு. காலை ஐந்தரைக்குக் காபி இல்லாமல் கண் திறக்காத வீட்டில், பதினொன்றுக்கும் நாலுக்கும் தேநீர் வருகிற வேலையிடத்தில், இதை எங்கே பொருத்துவது?

இரண்டு மாதம் தப்புத்தப்பாகப் போட்டேன். காபியோடு முழுங்கினேன், இரும்பையும் தைராய்டையும் ஒரே கையில் வைத்துப் போட்டேன். டி.எஸ்.எச் பாதிகூட இறங்கவில்லை. டாக்டர் அளவைக் கூட்டுவதற்கு முன்னால் எப்போது சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டது என் அதிர்ஷ்டம். இப்போது மாத்திரைப் புட்டியும் ஒரு செம்புத் தண்ணியும் தலைமாட்டில் இருக்கும். நாலரைக்குத் தண்ணி பிடிக்க எழுகிறபோதே போட்டுவிடுவேன். ஐந்தரைக் காபிக்கு ஒரு மணி நேரம் கிடைத்துவிடுகிறது. இரும்பு மதியச் சாப்பாட்டுக்குப் பின், கூடவே ஒரு நெல்லிக்காய். நாலு மணித் தேநீருக்கு அதற்குள் போதிய இடைவெளி வந்துவிடும். இரும்பு சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். புட்டியை அடுப்பு மேடையிலோ சன்னலிலோ வைக்காதீர்கள், எங்கள் ஊர்ச் சூட்டில் மாத்திரை கெட்டுவிடும்.

மாத்திரை போட்ட நாளில், அன்றைய காலண்டர் தாளிலேயே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டுத்தான் மறுநாள் கிழிப்பேன். தாள்களைச் சேர்த்தும் வைத்தேன். ஒரு மாதக் கட்டில் கோடில்லாத தாள் நாலுக்கு மேல் இருந்தால் பரிசோதனையில் அது தெரிந்துவிடுகிறது.

செப்டம்பரில் எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது. குளிர் போனது, களைப்பு போனது, நெற்றி ஓரத்தில் பூனைமுடி மாதிரிக் குட்டை குட்டையாக முளைத்தது. சரியாகிவிட்டதே என்று மாத்திரையை நிறுத்தினேன். யாரும் சொல்லவில்லை, நானேதான். தீபாவளி சீசன், ஓவர்டைம், கடைக்குப் போக நேரமில்லை என்று எனக்கு நானே சாக்கும் சொல்லிக்கொண்டேன். அப்போது ஒன்றும் ஆகவில்லை. டிசம்பரில் முடி மறுபடி கையோடு வந்தது. ஒரு வருஷ உழைப்பில் பாதி போனது. இந்த வியாதி போகிற வியாதி அல்ல, அடங்கி இருக்கிற வியாதி என்று டாக்டர் முதல் நாளே சொன்னதை அன்றைக்குத்தான் காதில் வாங்கினேன்.

இன்னொரு தப்பு, முடிக்கு நல்லது என்று கடையில் வாங்கிய பயோட்டின் மாத்திரை. பயோட்டின் குறைபாடு இல்லாதவர்களுக்கு அதனால் பெரிய பலன் ஒன்றும் இல்லையாம். அதைவிட, அது ரத்தப் பரிசோதனையையே ஏமாற்றும். தைராய்டு அதிகமாக இருப்பது போல ரிசல்ட் வந்து, அளவைக் குறைக்க இருந்தார்கள். பரிசோதனைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்த வேண்டும். முடிக்கென்று எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

சர்க்கரையைப் பற்றி இரண்டு விஷயம். மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி என்கிற எச்பிஏ1சி, இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கு உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். அதனால் எனக்கு வெறும் வயிற்றிலும் சாப்பிட்ட பின்னும் தனியாகப் பார்த்துத்தான் உறுதி செய்தார்கள். மெட்பார்மினை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பாட்டில் பெரிய புரட்சி எதுவும் செய்யவில்லை. ராத்திரிக்குக் கம்பங்கூழோ கம்பு தோசையோ, வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை, ஞாயிற்றுக்கிழமை ஈரலோ சுவரொட்டியோ. கறியிலுள்ள இரும்பு கீரையிலுள்ளதைவிட லேசாக உடம்பில் சேரும். விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டாவைத் தலைமுழுகவில்லை. மாதத்துக்கு ஒன்று. அதை விடச் சொல்கிற வைத்தியம் எனக்கு வேண்டாம்.

கூலிக்காரப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குகிறவர்கள் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த நாள் காசு போச்சு, அதனாலேயே தள்ளிப்போடுகிறார்கள். ரத்தம் கொடுப்பதற்கு முழு நாள் தேவையில்லை. வேலைக்குக் கூட்டிப்போகிற வேன் வருமுன், காலையில், தைராய்டு மாத்திரை போடாமல் போய்க் கொடுத்துவிட்டு வேலைக்கு ஏறிவிடலாம். ஈ.எஸ்.ஐ அட்டை இருந்தால் அதைத் தூக்கி அலமாரியில் வைக்காதீர்கள். மாத்திரை அளவு மாற்றிய பின் ஆறிலிருந்து எட்டு வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் பார்ப்பது காசுக்குக் கேடு.

2023-ல் வகிடு மட்டும் அகலமாகவே இருந்தது. தோல் டாக்டர் அறுபது முடி அளவுக்கு விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார், கையில் ஒன்றிரண்டுதான் வந்தது. உதிர்வது நின்றுவிட்டது, வகிட்டில் வயசுக்கான மெலிவு தனியாக இருக்கிறது என்று மினாக்சிடில் கொடுத்தார். முதல் சில வாரம் அது இன்னும் கொஞ்சத்தை உதிர்க்கும், பயந்து நிறுத்தினால் போச்சு. நிறுத்தினால் வந்ததும் போகும். கர்ப்பமாக இருக்கிறவர்கள் தொடக் கூடாது. நான் மாதம் முதல் தேதி, அதே சன்னல் பக்கத்தில், மகளை விட்டு வகிட்டை ஒரு போட்டோ எடுக்கச் சொல்வேன். தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் தெரியாது, பைத்தியம்தான் பிடிக்கும். எட்டு போட்டோவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது.

கல்யாண வீடுகளுக்குச் சவுரி வைத்து, அதன் மேல் நாலு முழம் மல்லிகையும் வைத்துக்கொண்டு போவதை விட்டேன். அந்தப் பாரம் இருக்கிற முடியையும் வேரோடு இழுக்கும். தோளுக்குக் கொஞ்சம் கீழே நிற்கிற மாதிரி முடியை வெட்டினேன். அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு நாள் பேசவில்லை.

அத்தை அதற்கு முன்பே இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருந்தார்கள், மருமகளுக்கு முடி வந்தால் மொட்டை போடுவதாக. என் மொட்டையா அவர்கள் மொட்டையா என்று தெளிவாக நேரவில்லை. வளர்ந்ததை மொட்டையா அடிப்பது என்று நான் சண்டை பிடிக்க, கடைசியில் பூமுடி என்று முடிவானது. போன தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை போனோம். அர்ச்சுனா நதியும் வைப்பாறும் சேருகிற இடத்தில் மணல்தான் இருந்தது, தண்ணி இல்லை. முடி இறக்குகிறவர் பின்னலின் நுனியில் மூன்று விரல் அளவு வெட்டினார்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் சுமாராக வளரும். நான் நின்றுகொண்டே கணக்குப் போட்டேன். அந்த நுனி, கோடில்லாத காலண்டர் தாள்கள் இருந்த காலத்தில் முளைத்தது. "போதுமா தாயி, இன்னும் எடுக்கவா?" என்றார். போதும் என்றேன். அத்தை, "கூட ஒரு விரல் எடுங்கய்யா" என்றார்கள்.