சொன்னது ஒன்று, கேட்டது ஒன்று

வேதபாடம்: அப்போஸ்தலர் 14:8-20



நாம் பேசுகிற தமிழ் நம் அயலகத்தாருக்கு நன்றாய்ப் புரியும். ஆனால் நாம் சொல்லுகிற காரியம் அப்படியே அவர்கள் இருதயத்தில் போய்ச் சேருகிறதா? ஒவ்வொரு ஜனத்துக்கும் சின்ன வயசிலிருந்தே மனசில் ஊறிப்போன எண்ணங்கள் உண்டு. யாரும் அவற்றை வாய்விட்டுச் சொல்லுவதில்லை. ஆனாலும் அவற்றைக் கொண்டுதான் நம் வார்த்தைக்கு அர்த்தம் பண்ணுகிறார்கள்.

1. லீஸ்திராவில் நடந்தது

பிறவிச் சப்பாணி ஒருவன் குதித்தெழுந்து நடந்தான். ஊர் ஜனங்களோ பர்னபாவை யூப்பித்தர் என்றும், பவுலை மெர்க்கூரி என்றும் எண்ணிவிட்டார்கள். பலியிட எருதுகளும் பூமாலைகளும் வந்துவிட்டன! ஏன்?

அந்த இரண்டு தேவர்களும் மனுஷ வேஷத்தில் பக்கத்து நாடாகிய பிரிகியாவுக்கு வந்தார்களாம். ஏழைக் கிழவனும் கிழவியும் மட்டும் வீட்டில் சேர்த்துக்கொண்டார்கள். கதவை அடைத்த மற்றவர்கள் வெள்ளத்தில் அழிந்தார்கள். ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிவைத்த பழங்கதை இது. 'நாமும் அப்படி அழிஞ்சிடக் கூடாது' என்ற பயமே லீஸ்திரா ஜனங்களை ஏவியிருக்கும் என்று வேத பண்டிதர் பலர் சொல்லுகிறார்கள்.

பவுல் என்ன செய்தார்? ஜெப ஆலயத்தில் யூதரிடம் தாவீதையும் தீர்க்கதரிசிகளையும் எடுத்துப் பேசினவர் (அப். 13), இங்கே மழை, விளைச்சல், ஆகாரம் என்று ஆரம்பித்தார். சத்தியம் மாறவில்லை, ஆரம்பித்த இடம் மாறியது.

2. சமாதானப் பிள்ளை

1962-ல் டான் ரிச்சர்ட்சன் என்ற மிஷனரி குடும்பமாய் நியூ கினி தீவில் சாவி இன மக்களிடம் போனார். இன்று அது இந்தோனேஷியாவின் பப்புவா பகுதி. இயேசுவின் பாடுகளைச் சொன்னபோது, அவர்கள் யூதாசைத்தான் மெச்சினார்கள்! சிநேகம் காட்டி, நம்பவைத்துக் கொல்லுவதே அவர்களுக்குள் வீரம்.

பின்பு, சண்டையிட்ட இரண்டு கிராமங்கள் சமாதானமாகும்படி தங்கள் குழந்தைகளை மாற்றிக் கொடுத்ததை அவர் கண்டார். அந்தப் பிள்ளை உயிரோடிருக்கும் வரை சண்டை இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தீங்கு செய்வது அவர்களுக்கும் மகா அக்கிரமம். தேவன் கொடுத்த சமாதானப் பிள்ளை இயேசுவே, அவர் என்றைக்கும் உயிரோடிருக்கிறார் என்று சொன்னபோது அநேகருடைய கண்கள் திறந்தன. அல்லேலூயா!

3. நம்ம தெருவில்

"நீங்க மறுபடியும் பிறக்கணும்" என்று பக்கத்து வீட்டு ஐயாவிடம் சொல்லுகிறோம். 'இன்னொரு பிறவி வேண்டாம்னுதானே நான் சாமி கும்பிடுறேன்' என்று அவர் நினைக்கலாம். அவர் சுவிசேஷத்தைத் தள்ளிவிட்டார் என்று நாம் முடிவு கட்டுகிறோம். அவர் தள்ளினதோ நாம் சொல்லாத ஒன்றை! ஒரு ஆத்துமாவின் காரியத்தில் இப்படி நடக்கலாமா? வேதம் கற்ற நிக்கொதேமுவே இந்த வார்த்தையில் குழம்பினார்; ஆண்டவர் பொறுமையாய் விளக்கினார்.

தேவ பிள்ளைகளே, அந்நியபாஷை வரத்துக்காக வாஞ்சிக்கிற நாம், அயலாருடைய இருதய பாஷையைக் கேட்கும் காதுகளுக்காகவும் ஜெபிப்போமா? இந்த வாரம் கைப்பிரதி கொடுக்கும்போது, "இதை நீங்க எப்படிப் புரிஞ்சுக்கிட்டீங்க?" என்று கேளுங்கள். பதிலை முழுசாய்க் கேட்டபின் பேசுங்கள்.

பவுலைக் கல்லெறிந்த லீஸ்திராவில்தான் பிற்பாடு நற்சாட்சி பெற்ற தீமோத்தேயு கிடைத்தார் (அப். 16:1,2). பொறுமையாய் விதைக்கிறவனுக்குக் கர்த்தர் அறுப்பைத் தருவார். ஆமென்.