டிரையர் குழாயில் பஞ்சு சேர விடாதீர்கள்

வெள்ளத்தின் பின் வீடு திரும்பிய குடும்பங்களைப் பார்க்க ஒருகொடவத்தைக்குப் போனால், கதவைத் திறந்ததும் கண்ணில் படுவது ஈர உடுப்புத்தான். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்து கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பகுதிகள் மூழ்கியபோது எத்தனையோ வீடுகளில் நனையாத துணி என்று ஒன்றும் மிஞ்சவில்லை. முற்றமில்லாத தொடர்மாடி வீட்டில், மழை விடாத நாளில், பிள்ளையின் பள்ளிச் சீருடையை எங்கே காயப்போடுவது?

இதனால் சில குடும்பங்கள் பாவித்த டிரையர் ஒன்றை வாங்குகின்றன. சிலருக்கு வெளிநாட்டு உறவினர் அனுப்புகிறார்கள். உதவியான பொருள்தான். ஆனால் அதன் காற்றுக்குழாயைக் கவனிக்காமல் விட்டால் அதுவே தீக்குக் காரணமாகலாம்.

ஒரு வீட்டில் கண்டது

ஒரு தாய் எங்களிடம் சொன்னார்: “தங்கச்சி, முந்தி ஒரு மணித்தியாலத்தில காயும். இப்ப இரண்டு தரம் போடவேணும். மிஷின் பழசாப் போச்சு போல.”

மிஷினில் பிழையில்லை. டெங்குப் பயத்தில் குழாயின் வெளிவாயில் நுளம்பு வலை கட்டியிருந்தார்கள். அந்த வலையில் பஞ்சு கம்பளிபோலப் படிந்து வாயை அடைத்துவிட்டது. வலையைக் கழற்றிக் குழாயைத் துப்புரவாக்கியதும் உடுப்பு பழையபடி காய்ந்தது.

ஏன் ஆபத்து?

டிரையர் காற்றைச் சூடாக்கி உடுப்பினூடே செலுத்துகிறது. அந்தக் காற்று ஈரத்தையும் துணியிலிருந்து உதிரும் நுண்ணிய பஞ்சையும் எடுத்துக்கொண்டு வெளியே போகிறது. வடிகட்டி பஞ்சின் ஒரு பகுதியைத்தான் பிடிக்கும். மீதி குழாயில் படியும். குழாய் அடைபட்டால் சூடு வெளியேறாது. உலர்ந்த பஞ்சு மிக எளிதில் தீப்பற்றும்.

2016 ஆகஸ்ட் 19 அன்று லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில், 18 மாடிக் கட்டடம் ஒன்றின் ஏழாம் மாடி வீட்டில் டிரையரிலிருந்து தீ மூண்டு மேல் மாடிகளுக்கும் ஏறியது. அந்த வகை டிரையர்களில் பஞ்சு வெப்பமூட்டும் பாகத்தில் படக்கூடும் என்று உற்பத்தியாளர் முதல் வருடமே அறிவித்திருந்தார். உயிரிழப்பு இல்லை. ஆனால் பல குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. தொடர்மாடியில் ஒரு வீட்டுத் தீ அயல் வீட்டுக்கும் தீதான்.

செய்ய வேண்டியவை

1. ஒவ்வொரு தடவை உடுப்புப் போட முன்னரும் வடிகட்டியை இழுத்து, பஞ்சைக் கையால் எடுத்துவிடுங்கள். வடிகட்டி கிழிந்திருந்தால் மாற்றும்வரை டிரையரைப் பாவிக்க வேண்டாம்.

2. வருடத்துக்கு ஒரு தடவையாவது குழாயைக் கழற்றித் துப்புரவாக்குங்கள். மழைக்காலத்தில் தினமும் பாவித்தால் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செய்வது நல்லது. முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பிறகு நீண்ட தூரிகையால் பஞ்சை வெளியே இழுத்து எடுங்கள். டிரையரின் பின்புறத்தையும் கூட்டுங்கள்.

3. குழாய் உலோகத்தில், குட்டையாக, கூடியவரை நேராக இருக்கட்டும். நெளியும் பிளாஸ்டிக் குழாயின் மடிப்புகளில் பஞ்சு தங்கும்.

4. குழாயின் வாய் கட்டடத்துக்கு வெளியே திறக்க வேண்டும். நடைபாதைக்கோ மலசலகூடக் காற்றுவழிக்கோ விட வேண்டாம். நுளம்பு வலைக்குப் பதிலாக, காற்று வரும்போது திறந்து நின்றதும் மூடும் மூடியைப் பொருத்துங்கள்.

5. மண்ணெண்ணெய், பெற்றோல், சமையல் எண்ணெய் பட்ட துணிகளை டிரையரில் போடவே கூடாது. கராஜில் வேலை செய்பவர்களின் உடுப்பில் இதைக் கட்டாயம் கவனியுங்கள்.

6. வீட்டில் ஆளில்லாதபோதும் எல்லோரும் தூங்கும்போதும் ஓட விட வேண்டாம்.

குழாய் இல்லாத, தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கும் வகை டிரையரும் உண்டு. அதிலும் வடிகட்டியையும் உள்ளே நீராவி குளிரும் பகுதியையும் துப்புரவாக்க வேண்டும்.

மின்சாரம்

2,500 வாட் டிரையர் ஒன்று 230 வோல்ட்டில் ஏறக்குறைய 11 அம்பியர் மின்சாரம் எடுக்கும். பழைய 5 அம்பியர் பிளக் பொயின்ட் இதைத் தாங்காது. மல்டி பிளக்கிலும் மாட்ட வேண்டாம். தனியான 13 அம்பியர் பொயின்ட் தேவை. வெள்ளத் தண்ணீர் புகுந்த டிரையர் வெளியே காய்ந்ததுபோலத் தெரிந்தாலும், தகுதியான மின் திருத்துநர் பார்க்கும்வரை மின்சாரம் கொடுக்கக் கூடாது.

நிறுத்திப் பார்க்க வேண்டிய அறிகுறிகள்

உடுப்பு காய அதிக நேரம் எடுத்தல், டிரையரின் மேற்புறம் வழமையைவிடச் சுடுதல், கருகிய மணம், ஓடும்போது வெளிமூடி திறவாமை. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிறுத்துங்கள்.

புகை வந்தால் டிரையரின் கதவைத் திறக்க வேண்டாம். தண்ணீர் ஊற்ற வேண்டாம். எட்டக்கூடியதாக இருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். எல்லோரையும் வெளியே அனுப்பி, அறைக்கதவைச் சாத்தி, அயலவரை எழுப்புங்கள். லிப்டை விட்டுப் படியால் இறங்கி, தீயணைப்புப் பிரிவை 110 இல் அழையுங்கள்.

இன்றைய பயிற்சி

டிரையரை ஓடவிட்டு, குழாயின் வெளிவாய்க்கு அருகே கையைப் பிடியுங்கள். அது மேலே எட்டாத இடத்தில் இருந்தால் மூடி திறக்கிறதா என்று கீழிருந்து பாருங்கள். சூடான காற்று பலமாக வருகிறதா? வராவிட்டால் அடுத்த உடுப்பைப் போடுவதற்கு முன் குழாயைத் துப்புரவாக்குங்கள். பாடுபட்டுத் திரும்பி வந்த வீடு இது. பத்து நிமிட வேலை அதைக் காக்கும்.